பழைய வீட்டுத் தளத்தில் மெட்டல் டிடெக்டர் எழுப்பும் பொய்யொலிகள்

கேள்வி, ஜனவரி 6

என் முதல் மெட்டல் டிடெக்டரை வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் இப்போது சுவர்கூட மிஞ்சாததுமான ஒரு வீட்டுத் தளத்தில், உரிமையாளரிடம் எழுதி வாங்கிய அனுமதியுடன் மூன்று நாட்கள் தேடினேன். நாணயத்துக்குரிய தெளிவான ஒலி கேட்டுத் தோண்டிய இடங்களில் பெரும்பாலும் துருப்பிடித்த ஆணிதான் கிடைத்தது. சில குழிகளில் எதுவுமே இல்லை. இரும்புக்கு ஒலி எழாமல் தடுக்கும் அமைப்பை, அதாவது இரும்பை விலக்கும் அளவை, முழுவதும் உயர்த்திவிட்டால் இந்தப் பொய்யொலிகள் நின்றுவிடும் என்று சொல்கிறார்கள். அது சரியா, அல்லது கருவியிலேயே பழுதா?

ஜனவரி 6, இரவு

கருவியில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு. கூரையும் கதவும் மரச்சட்டங்களும் மட்கிப் போன பிறகு, அவற்றைப் பிணைத்திருந்த இரும்பு மட்டும் விழுந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. ஆகவே பழைய வீட்டுத் தளத்தில் ஒரு முறை சுருளை (கம்பத்தின் அடியில் இருக்கும், உலோகத்தை உணரும் தட்டை) வீசினால் அதன் அடியில் ஒன்றல்ல, நான்கைந்து ஆணிகள் ஒரே நேரத்தில் இருக்கும்.

பொய்யொலி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நிகழ்வுகளைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, உலோகமே இல்லாத இடத்தில் எழும் ஒலி. இதற்கு வெளியிலிருந்து வரும் மின்காந்த இடையூறோ, மண்ணிலுள்ள கனிமமோ, கருவியில் தளர்ந்துபோன ஒரு பாகமோ காரணமாக இருக்கும். இரண்டாவது, இரும்பு செம்பைப் போலவோ வெள்ளியைப் போலவோ ஒலிப்பது. மூன்றாவது, ஈயத் துண்டு, அலுமினியத் தாள் போன்றவை. மூன்றாவதைப் பொய்யொலி என்று சொல்லக் கூடாது. அங்கே இரும்பல்லாத உலோகம் இருக்கிறது என்று கருவி சரியாகவே சொல்லிவிட்டது, அது நமக்கு வேண்டிய பொருளாக இல்லை, அவ்வளவுதான்.

முதல் வகையைப் பிரித்தறிய ஒரு சோதனை போதும். சுருளைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அசையாமல் இருக்கும்போதும் கருவி சிணுங்கினால் அந்த ஒலி மண்ணிலிருந்து வரவில்லை. அசைக்கும்போது மட்டும் ஒலித்து, அதே இடத்துக்குத் திரும்பி வந்தால் ஒலிக்காவிட்டால், கம்பத்தில் இறுக்கமின்றித் தொங்கும் கேபிளையும், சுருளுக்கும் அதன் உறைக்கும் இடையே புகுந்த மணலையும் ஈரத்தையும் பாருங்கள். வீச்சின் இரு முனைகளிலும் மட்டும் ஒலித்தால் நீங்கள் முனையில் சுருளை மேலே தூக்குகிறீர்கள் என்று பொருள். மண்ணுக்கும் சுருளுக்கும் இடைவெளி மாறுவதையே கருவி இலக்காக எடுத்துக்கொள்கிறது.

இரும்பு விலக்கும் அளவைப் பொறுத்தவரை, முழுவதும் உயர்த்த வேண்டாம், முக்கால் பங்கு உயர்த்தினால் போதும் என்பது என் கருத்து.

ஜனவரி 7

இரும்பு ஏன் செம்பைப் போல ஒலிக்கிறது என்பதை நேற்று எழுதாமல் விட்டுவிட்டேன். இது புரியாமல் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் குருட்டுத்தனமாகவே இருக்கும்.

நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும் கருவிகள் சுமார் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களில் வேலை செய்கின்றன. ஒரு சுருள் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சிறு புலத்தை மற்றொரு சுருள் பெறுகிறது. பெற்றது அனுப்பியதைவிட எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைக் கொண்டே கருவி உலோகத்தின் வகையைக் கணிக்கிறது. செம்பும் வெள்ளியும் போன்ற நல்ல கடத்திகளில் பின்தங்கல் அதிகம், மெல்லிய தாளில் குறைவு. இரும்பில் மட்டும் இரண்டு விளைவுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: அது காந்தமாகும் பொருள் என்பதால் புலத்தைத் தன்பால் இழுத்துக் குவிக்கிறது, கடத்தியும் என்பதால் சுழல் மின்னோட்டத்தையும் சுமக்கிறது. நேரான மெல்லிய ஆணியில் முதல் விளைவு மேலோங்குவதால் கருவி அதை இரும்பு என்று எளிதில் சொல்லிவிடும். ஆனால் தட்டையான தகரம், வாஷர், வளையம், கீல், சோடா மூடி ஆகியவற்றில் மின்னோட்டம் சுற்றிவர அகலமான பாதை கிடைக்கிறது. அப்போது இரண்டாவது விளைவு வலுத்து, கணிப்பு செம்பின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

ஆகவே இங்கே ஏமாற்றுவது பொருளின் வடிவம். கருவி தான் உணர்ந்ததைத்தான் சொல்கிறது.

வளைந்த ஆணி இதில் தனி வகை. அதன் குறுக்கே வீசினால் இரும்பாகவும், நீளவாக்கில் வீசினால் முனையைத் தாண்டும் கணத்தில் உயர்ந்த ஒரு கீச்சொலியாகவும் கேட்கும். அந்தக் கீச்சொலியை நம்பித்தான் நீங்கள் தோண்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 9

ஒரு சிறு சேர்க்கை. ஒலி கேட்டவுடன் தோண்டாமல், அந்த இடத்தை மையமாக வைத்து நீங்கள் சுற்றி நடந்து, 90 பாகை திருப்பி மறுபடியும் வீசிப் பாருங்கள். நாணயம் எந்தத் திசையிலிருந்து வீசினாலும் அதே இடத்தில், திரையில் உலோக வகையைக் குறிக்கும் ஏறக்குறைய அதே எண்ணில் நிற்கும். ஆணியின் ஒலி ஒரு திசையில் மறையும், அல்லது அரைச் சாண் தள்ளிப் போய் நிற்கும். இடம் சுட்டும் முறைக்கு மாற்றினால் உச்ச ஒலி வேறிடத்தில் கேட்குமானால், இரும்பு என்று கொள்ளலாம்.

ஜனவரி 15

6ஆம் தேதி இரவு எழுதியவற்றில் கடைசிப் பத்தியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரும்பு விலக்கும் அளவை முக்கால் பங்கு உயர்த்தச் சொன்னது தவறு. நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் தேடிவந்தேன் என்பதால் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

உங்கள் கேள்வி மனத்தில் இருந்ததால், ஒரு மரப்பலகையில் மூன்று பழைய ஆணிகளைப் பதித்து, அவற்றின் நடுவே ஒரு செம்பு நாணயத்தை வைத்து, நான் வழக்கமாக வைத்திருக்கும் அமைப்பிலேயே சுருளை மேலே வீசினேன். ஒலியே வரவில்லை. நாணயம் கண்ணுக்கு முன்னால், சுருளிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடக்கிறது. கருவி வாய் திறக்கவில்லை. விலக்கும் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். பாதிக்குக் கீழே வந்ததும் ஒரு திசையில் மட்டும் உடைந்த ஒலி ஒன்று கேட்டது. முழுவதும் எடுத்துவிட்டு, இரும்பு தாழ்ந்த ஒலியாகக் கேட்கும்படி அமைத்தபோது, இரண்டு தாழ்ந்த ஒலிகளுக்கு நடுவே குறுகலான, ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் தவறாமல் திரும்பி வரும் ஓர் உயர்ந்த ஒலி கிடைத்தது.

காரணம் எளிது. விலக்கப்பட்ட இரும்பின் மேல் சுருள் செல்லும்போது கருவி தன்னை அடக்கிக்கொள்கிறது. அடங்கிய நிலையிலிருந்து மீண்டு அடுத்த இலக்கைச் சொல்வதற்குள் சுருள் நாணயத்தைக் கடந்துவிடுகிறது. நாம் அமைதியை விலைக்கு வாங்குகிறோம், அந்த விலை ஆணிகளுக்கு இடையே கிடக்கும் நல்ல பொருள்தான். சில புதிய கருவிகளில், சந்தேகமான ஒலியை எந்த அளவுக்கு இரும்பின் பக்கம் தள்ளிக் கணிக்க வேண்டும் என்று தனியாக அமைக்கலாம். அதுவும் இதே பேரம்தான். உயர்த்தினால் ஆணியின் கீச்சொலி குறையும், ஆணியோடு கலந்து கிடக்கும் நாணயமும் இரும்பாகிவிடும்.

அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை தளங்களைத் தேடி முடித்துவிட்டதாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்று எண்ணும்போது மனம் கனத்தது.

ஜனவரி 16

"அப்படியானால் நாள் முழுவதும் ஆணி தோண்டச் சொல்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எல்லா ஒலிகளையும் கேளுங்கள், எல்லாவற்றையும் தோண்ட வேண்டாம் என்கிறேன். இரண்டும் வேறு.

இரும்பை ஊமையாக்காமல், அதற்குத் தாழ்ந்த ஒலியைக் கொடுத்து, அந்த ஒலியின் அளவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போனில் அது ஒரு முணுமுணுப்பாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். உயர்ந்த ஒலி ஒன்று எழும்போது அது வெறுமையிலிருந்து எழுகிறதா, அந்த முணுமுணுப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு எழுகிறதா என்பதைக் காது தானாகவே பிரிக்கத் தொடங்கும். எனக்கு இதற்கு மூன்று நாட்கள் பிடித்தன. முதல் நாள் தலைவலியோடு திரும்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது சிறிய சுருள். 11 அங்குலச் சுருளைக் கழற்றிவிட்டு 6 அங்குலச் சுருளை மாட்டியபோது, ஒரே நேரத்தில் அடியில் வரும் ஆணிகளின் எண்ணிக்கை குறைந்து, குழம்பிக் கிடந்த ஒலிகள் தனித்தனியாகப் பிரிந்தன. ஆழம் குறையும் என்று தயங்குவீர்கள். சிறு பொருளிலிருந்து வரும் சமிக்ஞை தூரத்தின் ஆறாம் அடுக்கில் தேய்கிறது, அதாவது தூரம் இரு மடங்கானால் சமிக்ஞை 64இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே எந்தச் சுருளும் ஆழத்தில் அற்புதம் செய்துவிடப் போவதில்லை. ஆணி நிறைந்த தளத்தில் நாம் இழப்பது பெரும்பாலும் ஆழத்தில் கிடப்பதை அல்ல, மேலேயே இரும்பின் மறைவில் கிடப்பதைத்தான்.

வீச்சின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 22

ஒன்றுமே இல்லாத குழிகளைப் பற்றி நீங்கள் மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வாரம் நான் சென்ற தளத்தில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. என்னைப் பொறுத்தவரை இந்தப் பேச்சிலேயே மிகவும் சுவையான பகுதி இதுதான்.

தளத்தின் ஒரு மூலையில், சுமார் இரண்டு மீட்டர் அகலத்துக்குள், கருவி இடைவிடாமல் உடைந்த ஒலிகளை எழுப்பியது. எண்கள் தாறுமாறாக ஓடின. வழக்கமாக நான் அப்படிப்பட்ட இடத்தைச் சபித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த முறை நின்று, மண்ணின் கனிமத்தைக் கருவி பொருட்படுத்தாதபடி சமன் செய்யும் கிரவுண்ட் பேலன்ஸை அங்கேயே மறுபடியும் செய்து பார்த்தேன். சுருளைத் தரையை நோக்கி ஏற்றி இறக்கியபோது கிடைத்த எண், பத்து அடி தள்ளிக் கிடைத்த எண்ணிலிருந்து வெகுவாக மாறியிருந்தது. மேல்மண்ணை ஒரு விரற்கடை விலக்கியதும் காரணம் தெரிந்தது: செந்நிறமாகச் சுட்ட மண்ணும், உடைந்த செங்கல்லும், கரியும். அது அடுப்பு இருந்த இடம்.

மண் சூடேறும்போது அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள் வலுவான காந்தத் தன்மையுடைய கனிமங்களாக மாறுகின்றன. மனிதர் வாழ்ந்த இடங்களின் மேல்மண்ணில் காந்த ஏற்புத்திறன், அதாவது காந்தமாகும் தன்மை, இயல்புக்கு மீறி உயர்ந்திருப்பதை 1955இல் பிரெஞ்சு ஆய்வாளர் யூஜின் லெ போர்ன் விளக்கினார். அந்த விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. தொல்லியலாளர்கள் காந்த அளவியைக் கொண்டு அடுப்பையும் சூளையையும் தோண்டாமலே கண்டறிவது இந்த அடிப்படையில்தான். நம் கருவி அதே உண்மையை, நாம் கேட்காத மொழியில், பொய்யொலியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுப்பு எங்கே என்று தெரிந்தால் வீட்டின் மற்ற பகுதிகள் எங்கே இருந்திருக்கும் என்று ஊகிக்க ஒரு பிடி கிடைக்கிறது. இதைவிட நல்ல தகவலை எந்த நாணயமும் எனக்குத் தந்ததில்லை.

நிலக்கரி எரித்த இடமானால், எரிந்து மிஞ்சிய கட்டிகளுக்கு மின் கடத்தும் தன்மை இருப்பதால், அவை மெல்லிய உலோகத் தாளைப் போலத் தாழ்ந்த எண்ணில் உறுதியாக ஒலிக்கும். கொல்லர் பட்டறை இருந்த இடமானால் இரும்புக் கிட்டம் கிடைக்கும். இரண்டும் கையில் எடுத்தால் கல்லைப் போலவே தோன்றுவதால், குழியில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அவற்றை மண்ணோடு மண்ணாகத் தள்ளிவிடுவோம். தோண்டிய மண்ணைப் பரப்பி, அதன்மேல் ஒருமுறை சுருளை வீசிப் பாருங்கள்.

கனிமம் மிகுந்த மண்ணில் இன்னொரு விந்தையும் உண்டு. தோண்டிய வெற்றுக் குழியின் மேல் சுருளை வீசினாலே ஒலி எழும். சுற்றிலும் மண் இருந்து நடுவில் இல்லாமல் போவதையும் கருவி ஒரு மாற்றமாகவே உணர்கிறது. குழிக்குள் இன்னும் ஏதோ இருக்கிறது என்று நம்பி நான் முழங்கை ஆழம்வரை தோண்டியது உண்டு. இப்போது சந்தேகம் வந்தால் மண்ணைக் குழியில் போட்டு மூடிவிட்டு மறுபடியும் வீசுகிறேன். ஒலி மறைந்துவிட்டால் அது குழியின் ஒலி.

ஜனவரி 23

நேற்று எழுதியதோடு சேர்த்து, ஒலிக்கும் கற்களைப் பற்றி ஒருவர் கேட்டதற்குச் சுருக்கமாக விடை அளித்திருந்தேன்: "சுருள் கடந்து சென்ற பிறகு ஒரு பின்னொலி எழுந்தால், அந்தக் கல்லில் மண்ணைவிடக் கனிமம் குறைவு." இது பிழை. அளவைவிட வகையே முக்கியம். மாக்னடைட் என்ற இரும்புக் கனிமம் நிறைந்த கல் மிகவும் காந்தத் தன்மை உடையதாக இருந்தும், மண்ணின் பின்தங்கலோடு அதன் பின்தங்கல் பொருந்தாததால், கிரவுண்ட் பேலன்ஸ் செய்த கருவிக்கு அது எதிர்த்திசையில் தெரிகிறது. கடந்த பின் ஒலிக்கும் கல் அதுதான். நாணயத்தைப் போல நேராக ஒலிக்கும் கல் வேறு வகைக் கனிமம் கொண்டது. இரண்டையும் தலா ஒன்று கையில் வைத்திருங்கள்; காதுக்குப் பழக்குவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 30

இன்று காலை முழுவதும் வீணாயிற்று. எந்தப் பக்கம் வீசினாலும், வீச்சின் வலப்புற முனையில் கிறீச் என்று ஓர் ஒலி. முனையில் தூக்குகிறேனோ என்று பார்த்தேன், இல்லை. உணர்திறனைக் குறைத்தேன். அதிர்வெண்ணை மாற்றினேன். மின்கம்பி ஏதும் அருகில் இல்லை. கைபேசியை நிறுத்திவிட்டுப் பையோடு தொலைவில் வைத்தேன். கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான், வலது இடுப்பில் மாட்டியிருந்த பின்பாயின்டர் (குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டும் கைக்கருவி) அணைக்கப்படாமல் இருப்பதைக் கவனித்தேன். அதுவும் ஒரு சிறு மெட்டல் டிடெக்டர்தான். சுருள் அதன் அருகே வரும்போதெல்லாம் ஒன்றின் புலத்தை மற்றொன்று கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேர் அருகருகே ஒரே அதிர்வெண்ணில் தேடினாலும் இதுவே நடக்கும். இரும்பு முனை வைத்த காலணியையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியில் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லை நினைத்துக்கொண்டேன். 1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. பெல் உலோகத்தை ஒலியால் காட்டும் மின்தூண்டல் சமநிலைக் கருவி ஒன்றை அவசரமாக உருவாக்கி எடுத்துச் சென்றார். ஜூலை 26 அன்று நடந்த முதல் முயற்சியில் கருவியிலிருந்து விடாமல் ஓர் இரைச்சல் வந்தது. மின்தேக்கி தவறாக இணைக்கப்பட்டிருந்தது பிறகு தெரிந்தது. ஆகஸ்ட் 1 அன்று மறுபடியும் முயன்றபோது, உடலின் பெரும்பரப்பில் ஒரு மங்கலான ஒலி கேட்டது. நோயாளியின் மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பியால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது என்பதைப் பெல் அதன் பிறகே அறிந்தார். குண்டு வலப்புறம் இருப்பதாக மருத்துவர் உறுதியாக நம்பியதால் அந்தப் பக்கமே தேடப்பட்டது. செப்டம்பர் 19 அன்று கார்பீல்டு இறந்த பின் நடந்த பரிசோதனையில் அது இடப்புறம் இருந்தது.

முதல் நாள் இணைப்பில் பிழை, இரண்டாம் நாள் அருகிலிருந்த இரும்பு, இரண்டு நாளும் தேடியதே வேறு இடம். இன்று காலை நான் செய்த பிழை முதலிரண்டின் வகையைச் சேர்ந்தது. ஒரு மனிதரின் உயிர் அந்த ஒலியைச் சார்ந்திருந்தபோது பெல்லின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 5

90 பாகை திருப்பிப் பார்க்கும் சோதனையைப் பற்றி, 9ஆம் தேதி எழுதியதில் ஒரு குறை. திசை மாறினால் ஒலி மறைவது இரும்பு என்று தீர்மானமாக எழுதியிருந்தேன். பலகைச் சோதனையில் ஆணிகளுக்கு நடுவே இருந்த நாணயமும் ஒரு திசையில் மட்டுமே ஒலித்தது என்பதை அப்போது நான் அறியவில்லை. ஆகவே ஒரு திசையில் மறையும் ஒலி, ஆணியாகவும் இருக்கலாம், ஆணியால் மறைக்கப்பட்ட நல்ல பொருளாகவும் இருக்கலாம். இப்போது நான் பார்ப்பது வேறு ஒன்றை: ஒலிக்கும் திசையில் அது ஒவ்வொரு வீச்சிலும் அதே இடத்தில் நிற்கிறதா? ஆணி முனையின் கீச்சொலி பத்து வீச்சில் நான்கு முறை வரும், வரும்போதும் சற்று இடம் மாறும். நாணயம் குறுகிய ஒலியாக இருந்தாலும் இடம் பெயராது.

ஆழத்தில் இந்தச் சோதனை கைகொடுப்பதில்லை. மண்ணின் கனிமம் ஒலியோடு கலந்து, ஆழத்தில் கிடக்கும் செம்பையும் இரும்பின் எண்ணுக்கு இழுத்துவிடுகிறது. மங்கலாகவும் மிருதுவாகவும் இரும்பு எண்ணோடும் கேட்கும் ஒலியைத் தோண்டாமல் விட இப்போது எனக்கு மனம் வருவதில்லை.

டபுள்-டி சுருள் (D வடிவச் சுருள்கள் இரண்டு சற்று மேற்படிந்து அமைந்தது) நல்லதா, ஒருமையச் சுருள் (ஒன்றுக்குள் ஒன்றாக இரு வட்டச் சுருள்கள் அமைந்தது) நல்லதா என்று கேட்டவருக்கு: கனிமம் மிகுந்த மண்ணில் முதலாவது அமைதியாக இருக்கும், ஆனால் தட்டையான இரும்பில் அதிகம் ஏமாறும், சோடா மூடியை அதன் விளிம்பால் மட்டும் வீசிப் பார்த்தால் ஒலி இரும்பாக உடைவதைக் கேட்கலாம். இரண்டாவது சுருள் இரும்பைச் சற்றுத் தெளிவாகப் பிரிக்கும். நான் மண்ணைப் பார்த்து மாற்றிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 12

ஆணியைக் குப்பை என்று நானும் இந்தப் பக்கம் முழுவதும் எழுதி வந்திருக்கிறேன். அதைப் பற்றியும் மனம் மாறிவருகிறது.

அமெரிக்காவின் மொன்டானாவில் 1876இல் அமெரிக்கப் படைக்கும் பூர்வகுடியினருக்கும் போர் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983இல் புல்வெளி தீப்பிடித்து எரிந்த பின், டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு பாக்ஸ் ஆகிய தொல்லியலாளர்கள் 1984இலும் 1985இலும் அங்கே ஆய்வு நடத்தினர். மெட்டல் டிடெக்டர் பழகிய தன்னார்வலர்கள் வரிசையாக நடந்து, ஒலி கேட்ட இடத்தில் கொடி நட்டார்கள். பின்னால் வந்த குழு தோண்டி, பொருள் கிடந்த இடத்தை அளந்து குறித்த பிறகே எடுத்தது. தோட்டா உறைகளும் ஈயக் குண்டுகளும் கிடந்த இடங்களைக் கோத்துப் பார்த்து, வீரர்கள் களத்தில் எப்படி நகர்ந்தார்கள் என்பதைக் கணிக்க முடிந்தது. அங்கே கிடைத்தவற்றில் இரும்பு அம்பு முனைகளும் உண்டு. இரும்பை விலக்கிவிட்டுத் தேடியிருந்தால் போரின் ஒரு தரப்பு பயன்படுத்திய ஆயுதங்களில் ஒரு வகை அந்த வரைபடத்தில் இடம்பெற்றே இருக்காது.

இதைப் படித்த பிறகு, அடுப்பு கண்ட தளத்தில் தோண்டிய ஒவ்வோர் ஆணியின் இடத்தையும் கட்டம் போட்ட தாளில் குறிக்கத் தொடங்கினேன். மூன்றாம் நாள் மாலை அந்தப் புள்ளிகள் இரண்டு நேர்கோடுகளாக நின்றன. சுவர் இருந்த கோடுகள் அவை என்றே நினைக்கிறேன். ஆணியின் உருவமும் பேசுகிறது: கையால் அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பிச் செல்லும்; இயந்திரத்தில் வெட்டிய ஆணி இரண்டு பக்கம் மட்டும் கூம்பும்; இன்று நாம் காணும் உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவலாயிற்று. மூன்றும் எந்தெந்தக் கோட்டில் கிடக்கின்றன என்று பார்த்தால், வீட்டின் எந்தப் பகுதி பிறகு சேர்க்கப்பட்டது என்பது தெரிய வாய்ப்பிருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன்: பாதுகாக்கப்பட்ட தளத்துக்குள் கருவியோடு நுழையவே கூடாது. ஓர் ஆணியை இடம் குறிக்காமல் பிடுங்கினால் அந்தக் கோட்டில் ஒரு புள்ளி அழிகிறது; யாராலும் அதைத் திரும்ப வைக்க முடியாது.

பிப்ரவரி 20

எதுவுமே இல்லாத குழிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்த மெல்லிய இரும்பு முழுவதும் துருவாக மாறி, தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலும் கசிந்து பரவியிருக்கும். கலையாமல் கிடக்கும்வரை கருவிக்கு அது ஓர் இலக்கு. களைக்கொத்து பட்டவுடன் செந்நிறத் தூளாக உதிர்ந்து ஒலியும் மறைந்துவிடும். குழியின் மண்ணில் துருவின் நிறம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். ஒரு காந்தத்தை மண்ணுக்குள் விட்டு எடுத்தாலும் தெரிந்துவிடும்.

நேற்று, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு தேடி முடித்ததாகக் குறிப்பேட்டில் எழுதிய ஒரு தளத்துக்கு, உரிமையாளரிடம் மறுபடியும் கேட்டுக்கொண்டு, சிறிய சுருளோடு சென்றேன். விலக்கும் அளவு எதுவும் இல்லை. வாசற்படிக் கல் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும் இடத்தில், வலுவான இரும்பு ஒலியின் இடப்புற ஓரத்தில் குறுகலான உயர்ந்த ஒலி ஒன்று, மேற்கிலிருந்து வீசினால் மட்டும், பத்து வீச்சில் பத்து முறையும் வந்தது. தெற்கிலிருந்து வீசினால் ஒன்றுமே இல்லை. முன்பானால் கதவுக் கீல் என்று தாண்டிப் போயிருப்பேன். தோண்டியபோது கீல்தான் முதலில் வந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் வீசினேன். இப்போது எல்லாத் திசைகளிலிருந்தும் தெளிவாக ஒலித்தது. நான்கு விரற்கடை ஆழத்தில், பின்புறக் கண்ணி உடையாமல், ஒரு பித்தளைப் பொத்தான். அதன் முகத்தில் ஏதோ வரிவடிவம் இருக்கிறது. நீரில் நனைத்து வைத்திருக்கிறேன், தேய்க்கவில்லை. இரண்டையும் கட்டத்தாளில் குறித்துவிட்டேன்.

உங்கள் தளத்தில் மூடிவிட்டு வந்த ஆணிக் குழிகளின் இடம் நினைவிருந்தால், அவற்றின் மேல் மறுபடியும் ஒருமுறை வீசிப் பாருங்கள். ஆணியை எடுத்த பிறகு அந்த இடத்தில் நீங்கள் வீசியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நானும் ஐந்து ஆண்டுகளாக வீசியதில்லை.